மணிக்கட்டு வழியாக இருதயத்திற்கு

நாடி பிடித்துப் பார்ப்பது நம் நாட்டு வைத்தியத்தின் முதற்படி. சித்த வைத்தியர் நோயாளியின் கையைப் பற்றி, பெருவிரற் பக்கமாக மணிக்கட்டின் மீது ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரல் ஆகிய மூன்றையும் வைத்து, வாதம், பித்தம், கபம் ஆகியவற்றின் நிலையை அறிய முற்படுகிறார். மேனாட்டு முறையில் பயின்ற மருத்துவரும் அதே இடத்தில் விரல் வைத்துத்தான் துடிப்பை எண்ணுகிறார். அவ்விரல்களின் கீழே துடிப்பது ஒரு சிறிய இரத்தக் குழாய். முன்கையிலுள்ள ஆர எலும்பை ஒட்டி வருவதால் அதற்கு ஆரத் தமனி என்று பெயர். நெடுங்காலமாக நோயை அறிவிக்கும் தூதனாக மட்டுமே இருந்துவந்த இத்தமனி, இக்காலத்தில் இருதயத்திற்குச் செல்லும் வாயிலாகவும் ஆகியிருக்கிறது. ஆனால் இவ்வாயிலுக்கு ஒரு குணம் உண்டு. அச்சம், வலி, குளிர், முரட்டுத்தனம் ஆகிய இந்நான்கில் எது நேர்ந்தாலும் அது தன் கதவைச் சாத்திக்கொள்ள முற்படும். தமனி இவ்வாறு திடீரென்று இறுகிச் சுருங்குவதை இசிவு என்று கூறுவார்கள். அவ்விசிவு நேராமல் காப்பது எவ்வாறு என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில், இருதயத்திற்குள் ஒரு குழலைச் செலுத்த வேண்டிய அவசியம் என்ன என்று பார்ப்போம். உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்பும் இருதயத்திற்கும் இரத்தம் வேண்டும். அதனைக் கொண்டுவருபவை இருதயத்தின் மேற்பரப்பில் படர்ந்திருக்கும் இரு தமனிகளும் அவற்றின் கிளைகளும் ஆகும். இவற்றின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகினால், நடக்கும்போது மார்பு வலிக்கும். அப்படிவு வெடித்து அதன்மேல் இரத்தம் உறைந்து வழி அடைபட்டால், அதனையே மாரடைப்பு என்கிறோம். அடைப்பு எங்கே, எவ்வளவு என்று அறிய, ஒரு மெல்லிய குழலை உடலின் வேறோர் இடத்தில் தமனிக்குள் நுழைத்து, இருதயத் தமனியின் வாய்வரை கொண்டுசென்று, எக்ஸ் கதிருக்குப் புலப்படும் ஒரு திரவத்தைச் செலுத்திப் படம் பிடிக்கிறார்கள். இது ஆஞ்சியோகிராம். அதே வழியில் சிறு பலூனைச் செலுத்தி ஊதி அடைப்பை விரித்து, உலோகவலைக் குழலாகிய ஸ்டென்ட்டைப் பொருத்துவது ஆஞ்சியோபிளாஸ்டி. இவ்வாறு உள்ளே செலுத்தப்படும் குழலுக்குக் கதீட்டர் என்று பெயர்.

இக்கலையின் வரலாறு துணிவுடையோரின் வரலாறு. 1929-ஆம் ஆண்டு ஜெர்மனியில் எபர்ஸ்வால்டே என்னும் ஊரிலிருந்த வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர், தம் முழங்கைச் சிரை வழியாகத் தம் இருதயத்திற்குள்ளேயே ஒரு குழலைச் செலுத்திக்கொண்டு, எக்ஸ் கதிர் அறைக்கு நடந்து சென்று படமெடுத்துக் காட்டினார். அன்று அவரைக் கண்டித்த உலகம், 1956-இல் அவருக்கும் வேறிருவருக்கும் நோபெல் பரிசு அளித்தது. 1958-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் என்பவர் இருதயத் தமனிக்குள் நேராகத் திரவம் செலுத்திப் படமெடுக்கும் வழியைக் கண்டார். 1977-இல் ஸூரிச் நகரில் ஆண்டிரியாஸ் கிரன்ஸிக் முதன்முதலாகப் பலூன் கொண்டு மனித இருதயத் தமனியின் குறுகலை விரித்தார். நம் நாட்டில் அச்சிகிச்சையை 1986-இல் தொடங்கிவைத்த பெருமை, சென்னையில் பணிபுரிந்த மருத்துவர் மேத்யூ சாமுவேல் களரிக்கல் அவர்களைச் சாரும்.

அந்நாட்களில் கதீட்டரைச் செலுத்தும் வழி பெரும்பாலும் தொடையின் மேற்புறமாகவே இருந்தது. அங்குள்ள தமனி பருமனானது, நுழைவது எளிது. ஆனால் அது ஆழத்தில் இருக்கிறது. குழலை எடுத்தபின் கசியும் இரத்தம் வெளியே தெரியாமல் தசைக்குள்ளேயே தேங்கிவிடக்கூடும். நோயாளி காலை அசைக்காமல் பல மணி நேரம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து பெற்றுள்ள மாரடைப்பு நோயாளிக்கு இக்கசிவே உயிருக்கு இடராகலாம். ஆதலால் வேறு வழி தேடினார்கள். கனடாவின் மான்ட்ரியல் நகரில் லூசியன் கம்போ என்ற மருத்துவர், மணிக்கட்டு வழியாக நூறு பேருக்கு ஆஞ்சியோகிராம் செய்ய முயன்ற அனுபவத்தை 1989-இல் வெளியிட்டார். 1992-இல் ஆம்ஸ்டர்டாமில் பெர்டினாண்ட் கீமனே அவ்வழியிலேயே ஆஞ்சியோபிளாஸ்டியும் செய்யலாம் என்று காட்டினார். இந்தியாவில் இம்முறையைப் பரப்பியவர்களுள் அகமதாபாத்தைச் சேர்ந்த மருத்துவர் தேஜஸ் பட்டேல் முதன்மையானவர்.

மணிக்கட்டின் சிறப்பு யாது? அங்கே தமனி தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. அதன் கீழே எலும்பு இருக்கிறது. எனவே குழலை எடுத்தபின் ஒரு பட்டையால் அழுத்தினாலே இரத்தம் நின்றுவிடும். நோயாளி எழுந்து உட்காரலாம், நடக்கலாம். மேலும் கைக்கு இரத்தம் தருவது இந்த ஒரு தமனி மட்டுமன்று. சுண்டுவிரற் பக்கமாக மற்றொரு தமனி வருகிறது. இரண்டும் உள்ளங்கையில் வளைவாக இணைகின்றன. ஆகவே ஒன்று தடைபட்டாலும் பெரும்பாலோருக்கு மற்றொன்று கையைக் காப்பாற்றும்.

மாணவர்கள் இதனைத் தம் கையிலேயே கண்டறியலாம். உள்ளங்கையை இறுக மூடிக்கொண்டு, மற்றொருவரைக் கொண்டு மணிக்கட்டின் இருபுறத் தமனிகளையும் சில வினாடிகள் அழுத்தச் செய்யுங்கள். பின் கையைத் திறந்தால் உள்ளங்கை வெளுத்திருக்கும். சுண்டுவிரற் பக்கத்து விரலை மட்டும் எடுத்தால், சில வினாடிகளில் உள்ளங்கை முழுவதும் செம்மை பரவும். ஆலன் என்ற அமெரிக்க மருத்துவர் 1929-இல் கூறிய சோதனையிலிருந்து வந்தது இம்முறை. இக்காலத்தில் இதனையே முடிந்த முடிபாகக் கொள்வதில்லை; ஆயினும் இயற்கை செய்துள்ள இரட்டை ஏற்பாட்டைக் கண்ணாரக் காட்டுவதற்கு இதனினும் எளிய வழி வேறில்லை.

மணிக்கட்டு வழியால் உண்டாகும் நன்மை வெறும் வசதி மட்டுமன்று. 2011-இல் வெளியான ‘ரைவல்’ என்னும் ஆய்வில் 32 நாடுகளைச் சேர்ந்த 7021 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். நுழைவிடத்துத் தமனியில் நேரும் பெருங்கேடு தொடைவழியில் நூற்றுக்கு 3.7 ஆகவும், மணிக்கட்டு வழியில் 1.4 ஆகவும் இருந்தது. 2015-இல் வெளியான ‘மேட்ரிக்ஸ்’ ஆய்வில், 8404 பேரிடையே மணிக்கட்டு வழியைப் பெற்றோரில் இரத்தப்போக்கும் மரணமும் குறைவாக இருக்கக் கண்டனர். ஆனால் இந்நன்மைக்கு ஒரு விலையும் உண்டு. முதலிற் கூறிய ஆய்வில், மணிக்கட்டில் தொடங்கியவர்களுள் நூற்றுக்கு 7.6 பேருக்கு அவ்வழியை விட்டு வேறு வழிக்கு மாற வேண்டியதாயிற்று. தொடையில் தொடங்கியோருள் அவ்வாறு மாறியவர் நூற்றுக்கு இருவரே. இம்மாற்றத்திற்குக் காரணங்கள் பல. அவற்றுள் முக்கியமான ஒன்று தமனியின் இசிவு.

இசிவு ஏன் உண்டாகிறது என்பதை இனிக் காண்போம். முதற்காரணம் அளவு. ஆரத் தமனியின் உள் விட்டம் பொதுவாக 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும். சிறிய உடலமைப்புள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் இன்னும் குறுகலாக இருக்கலாம். கதீட்டரின் பருமனை ‘பிரெஞ்சு’ என்னும் அளவால் குறிப்பார்கள். மூன்று பிரெஞ்சு சேர்ந்தது ஒரு மில்லிமீட்டர். வழக்கமாகப் பயன்படும் ஆறு பிரெஞ்சுக் கதீட்டரின் பருமன் 2 மில்லிமீட்டர். அது செல்வதற்கென்று தமனிக்குள் முதலில் வைக்கப்படும் உறைக்குழலின் வெளிப்பருமன் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர். ஆகவே வழியும் வழிப்போக்கனும் ஏறக்குறைய ஒரே அகலம்! தூத்துக்குடியில் உள்ளவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 1974-ஆம் ஆண்டில் இங்கே பெருந்துறைமுகம் அமைவதற்கு முன்னர், கரையோரக் கடல் ஆழமற்றதாகையால் பெரிய கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும். சரக்கையெல்லாம் தோணிகளே ஏற்றியிறக்கும். நீரின் ஆழத்தை அறிந்து கலத்தைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்பது நம் தண்டல்மார் தலைமுறை தலைமுறையாக அறிந்த பாடம். தமனியின் அகலத்தை அறிந்து குழலைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்பதும் அதுவேதான்.

ஆனால் கால்வாய்க்கும் தமனிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கால்வாயின் கரை உயிரற்றது. தமனியின் சுவர் உயிருள்ளது. அதன் நடுவடுக்கில் மென்தசை என்னும் ஒருவகைத் தசை வளையமாகச் சூழ்ந்திருக்கிறது. கையை மடக்கும் தசையைப்போல் இது நம் விருப்பப்படி இயங்குவதன்று. நாமறியாமலே நரம்புகளுக்கும் இரத்தத்திலுள்ள சில பொருள்களுக்கும் கட்டுப்பட்டு இயங்குவது. ஆரத் தமனியில் இத்தசையடுக்கு தடித்தது. அஞ்சும்போது நம் உடலில் சுரக்கும் அட்ரினலின், நரம்பு முனைகளில் வெளிப்படும் நார்அட்ரினலின் ஆகிய இரண்டிற்கும் அது மிக எளிதில் மசிந்து சுருங்கும். சுருங்குவதற்கு இறுதிக் கட்டளையைத் தருவது சுண்ணச்சத்தாகிய கால்சியம். தசையணுவின் சுவரிலுள்ள நுண்ணிய வாயில்கள் திறந்து கால்சியம் உட்புகுந்தால், அணு சுருங்கத் தொடங்குகிறது. நம் கடலில் சிப்பிக்கு ஓடாகவும் முத்தாகவும் இறுகும் அதே கால்சியந்தான் நம் நாடியையும் இறுக்குகிறது.

இவ்வாறு சுருங்கும் ஆற்றலை இயற்கை வீணாகக் கொடுக்கவில்லை. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த பரதவ மக்களை நினைத்துப் பாருங்கள். தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நடந்ததே இங்கு நிகழ்ந்த கடைசி முத்துக்குளிப்புத் தொடர். கல்லைக் கட்டிய கயிற்றைப் பற்றி ஆழத்தில் இறங்கும் குளியாள், ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கி மேலே வருவார். அந்த ஒரு நிமிடமும் அவர் உடலிலுள்ள பிராணவாயுவை எப்படிச் சிக்கனம் செய்வது? இருதயத் துடிப்பு மெதுவாகிறது. கைகால்களுக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. உள்ள இரத்தம் மூளைக்கும் இருதயத்திற்கும் மிச்சப்படுகிறது. ஷோலாண்டர் என்ற அறிஞரும் அவருடைய துணைவர்களும் ஆஸ்திரேலியாவின் வடபகுதிக் கடலில் முத்துக் குளிப்போரை ஆராய்ந்து, இத்தகைய மாறுதல்களை 1962-இல் வெளியிட்டனர். கடலடியில் உயிர்காக்கும் இச்சுருக்கமும், மருத்துவமனை மேசையில் இடர் செய்யும் இசிவும் ஒன்றேயல்ல. முன்னது உடல் முழுவதற்குமான ஓர் ஒழுங்கு; பின்னது ஓரிடத்தில் எழும் கலவரம். எனினும் இரண்டிலும் தொழிற்படுவன அதே நரம்பும் அதே தசையுமே. தமனி நமக்குப் பகையன்று. அபாயம் வந்துவிட்டதென்று எண்ணி, தான் கற்ற ஒரே தற்காப்பை அது செய்கிறது. அபாயம் இல்லையென்று அதற்கு உணர்த்துவதுதான் இசிவைத் தடுக்கும் கலை.

உணர்த்தத் தவறினால் என்னவாகும்? குழலைச் சுற்றித் தமனி இறுகும்போது முன்கையில் கடும் வலி எழும். வலியினால் நோயாளி அஞ்சுவார். அச்சத்தினால் அட்ரினலின் பெருகும். அட்ரினலினால் தமனி மேலும் இறுகும். இது செக்குமாடு சுற்றுவதுபோல் முடிவில்லாத சுழற்சி. குழலை முன்னே தள்ளவும் முடியாது. பின்னே இழுக்கவும் முடியாது. பொறுமையிழந்து வலிந்து இழுத்தால் தமனியின் உட்சுவர் கிழியலாம்; மிக அரிதாகத் தமனியே குழலோடு பிய்ந்து வந்ததும் உண்டு. மாரடைப்பு நோயாளியாக இருந்தால், வழி மாற்றுவதில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் இருதயத் தசையின் ஒரு பகுதியை இழப்பதாகும். ஆகையால், வந்தபின் தீர்ப்பதைவிட வருமுன் காப்பதே இதில் அறிவுடைமை.

காப்பு ஊசியில் தொடங்குவதன்று, பேச்சில் தொடங்குவது. என்ன செய்யப்போகிறோம், எப்போது வலிக்கும், எவ்வளவு நேரமாகும் என்று நோயாளிக்கு முன்னரே எடுத்துரைக்க வேண்டும். தேவைப்படுமானால் மனத்தை அமைதிப்படுத்தும் மருந்தும், வலியடக்கும் மருந்தும் சிறிதளவு கொடுப்பார்கள். இது வெறும் உபசாரம் என்று எண்ணிவிடலாகாது. கிரேக்க நாட்டு மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஏறத்தாழ இரண்டாயிரம் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் இவ்விருவகை மருந்துகளையும் கொடுத்தனர். மருந்து பெறாதவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்குச் சற்று மேலாக இசிவு கண்டது. பெற்றவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவாகவே கண்டது. மனம் அடங்கினால் தமனி அடங்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எனக்கே சில ஆண்டுகளுக்கு முன் வலக்கை வழியாக ஆஞ்சியோகிராம் செய்தார்கள். அவ்வறை எக்ஸ் கதிர்க் கருவிகளுக்காக மிகவும் குளிரூட்டப்பட்டிருந்தது. உப்பளக் காற்றின் வெப்பத்திலே பழகிய உடம்பிற்கு அக்குளிர் நடுக்கத்தையே தந்தது. செவிலிப்பெண் முதற்காரியமாக ஒரு கம்பளியால் என் உடலையும் கையையும் போர்த்தினாள். குளிரும் தமனியைச் சுருக்கும் என்பதை அறிந்தவள் அவள். “ஐயா, மருந்து ஏறும்போது கை கொஞ்சம் எரியும், உடனே அடங்கிவிடும்” என்று மருத்துவர் கூறினார். அவர் கூறியவாறே எரிந்தது, கூறியவாறே அடங்கியது. முன்னறிவிப்பில்லாமல் அவ்வெரிச்சல் வந்திருந்தால் நான் திடுக்கிட்டுக் கையை இழுத்திருப்பேன். பாடம் நடத்தும் ஆசிரியன் அடுத்து வருவதைச் சொல்லி மாணவனை ஆயத்தம் செய்வதுபோலவே, நல்ல மருத்துவரும் செய்கிறார்.

அடுத்தது கைத்திறன். ஊசி குத்துமிடத்தில் லிக்னோகெய்ன் என்னும் மரப்பு மருந்தைச் சிறிதளவு செலுத்துவார்கள். பலமுறை குத்தினால் தமனி சினந்து சுருங்கும். எனவே முதல் முயற்சியிலேயே தமனியை அடைவது விரும்பத்தக்கது. இதற்கு மீயொலிக் கருவி பெரிதும் உதவுகிறது. காதுக்குக் கேளாத ஒலியலைகளால் தமனியைத் திரையில் கண்டு, அதன் அகலத்தையும் அளந்து, கண்பார்த்துக் குத்தலாம். உறைக்குழலுக்கு நீரில் நனைந்தவுடன் வழுவழுப்பாகும் ஒரு பூச்சு இடுகிறார்கள். நனைந்த கடற்பாசிபோல் அது வழுக்கிச் செல்லும். தமனியின் சுவரை உரசாது. இயன்றவரை சிறிய குழலையே தெரிந்தெடுப்பதும், ஒரு கதீட்டரை எடுத்து மற்றொன்றை நுழைப்பதை இயன்றவரை குறைப்பதும், வழிகாட்டிக் கம்பியை முன்னே விட்டு அதன்மேலேயே குழலைச் செலுத்துவதும், தடை தென்பட்டால் தள்ளாமல் நின்று காரணம் அறிவதும் இக்கைத்திறனைச் சேர்ந்தவை. கதீட்டரின் நுனிவிளிம்பு தமனியைச் சுரண்டாதபடி, அதன் வாயில் ஒரு சிறு பலூனைப் பாதி வெளியே நீட்டி ஊதிவைத்து, மழுங்கிய முனையோடு மெல்லச் செலுத்தும் உபாயத்தைத் தேஜஸ் பட்டேலும் அவருடைய துணைவர்களும் விளக்கியுள்ளனர். படகின் கூரிய அணியம் பாரில் மோதாமல் பந்து கட்டிவிடுவது போன்றது இது.

மூன்றாவது மருந்து. உறைக்குழலை வைத்தவுடன், அதன் வழியாகவே தமனியைத் தளர்த்தும் மருந்தைச் செலுத்துவது பல இடங்களில் வழக்கம். அவற்றுள் ஒன்று நைட்ரோகிளிசரின். இதன் கதை விந்தையானது. 1847-இல் அஸ்கானியோ சொப்ரேரோ என்ற இத்தாலியர் இதனைச் செய்தார். பாறைகளைப் பிளக்கும் டைனமைட் வெடியாக இதனை 1867-இல் மாற்றியவர் ஆல்பிரட் நோபெல். 1879-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் மர்ரெல், இருதய வலிக்கு இதுவே மருந்தாகும் என்று எழுதினார். நோபெலின் இறுதிக் காலத்தில் அவருடைய இருதய நோய்க்கு மருத்துவர்கள் இதனையே எழுதிக்கொடுத்தார்கள். உடலுக்குள் இதிலிருந்து நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயு உண்டாகி மென்தசையைத் தளர்த்துகிறது. ஆரோக்கியமான இரத்தக் குழாயின் உட்படலமும் இதே வாயுவைத் தானாகவே சுரக்கிறது. இவ்வுண்மையை வெளிப்படுத்திய மூவருக்கு 1998-இல் நோபெலின் பெயராலேயே பரிசு வழங்கப்பட்டது. மற்றொரு மருந்து வெரபமில். தசையணுவின் கால்சிய வாயில்களை இது மூடிவைக்கிறது. செலுத்தும்போது கையில் எரிச்சல் தருவது இதுவே. ஆதலால் நோயாளியின் இரத்தத்தையே சிறிது உறிஞ்சி, அதனோடு கலந்து மெதுவாகச் செலுத்துவார்கள்.

இம்மருந்துகள் எல்லோருக்கும் ஏற்றவையல்ல. இரத்த அழுத்தம் தாழ்ந்திருப்பவர்களுக்கு இரண்டுமே தீங்கு செய்யக்கூடும். இருதயத் துடிப்பு மிக மெதுவாக உள்ளவர்களுக்கும், இருதயம் தளர்ந்துபோனவர்களுக்கும் வெரபமில் ஆகாது. எதை, எவ்வளவு, யாருக்கு என்று தீர்மானிப்பது அருகிலிருக்கும் மருத்துவரின் பொறுப்பு. நாம் அறிந்துகொள்ள வேண்டுவது தத்துவத்தை மட்டுமே. ஒன்று தளர்த்தும் கட்டளையைத் தருகிறது. மற்றொன்று இறுக்கும் கட்டளையைத் தடுக்கிறது.

இத்தனையும் செய்தும் இசிவு வந்துவிட்டால்? அப்போது செய்யத்தக்க முதற்செயல், ஒன்றும் செய்யாமல் நிறுத்துவதே. குழலை அசைக்காமல் விட்டு, நோயாளிக்கு ஆறுதல் கூறி, வலியடக்கும் மருந்தும் தமனி தளர்த்தும் மருந்தும் மீண்டும் கொடுத்து, முன்கைக்கு வெதுவெதுப்பான ஒத்தடமிட்டுக் காத்திருப்பார்கள். பெரும்பாலான இசிவுகள் இவ்வளவிலேயே தளர்ந்துவிடும். அப்போதும் தளராத அரிய நிலையில், கையின் நரம்புகளை மரக்கச் செய்தோ, நோயாளியை முற்றிலும் மயக்கத்தில் ஆழ்த்தியோ தமனியை விடுவிப்பார்கள். நரம்பு உறங்கினால் தசையும் பிடியை விடுகிறது. கதவை உடைக்கும் வலிமை எந்த மருத்துவரின் கைக்கும் உண்டு; ஆனால் உடைத்தபின் அது கதவாக இராது.

சிகிச்சை முடிந்தபின்னும் தமனியைக் காக்கும் கடமை முடிவதில்லை. இரத்தம் உறைந்து தமனி நிரந்தரமாக அடைபடாதபடி ஹெப்பாரின் என்னும் மருந்து கொடுக்கப்படுகிறது. மணிக்கட்டில் கட்டும் பட்டையையும், இரத்தம் வெளியே கசியாமலும் அதே வேளையில் தமனிக்குள் ஓட்டம் நில்லாமலும் இருக்குமளவிற்கே அழுத்துவார்கள். இன்று வந்த வழி நாளையும் தேவைப்படலாம் அன்றோ? கீமனே 2017-இல் எழுதிய ஒரு கட்டுரைக்குப்பின், மணிக்கட்டிற்கும் கீழே, பெருவிரலின் அடியில் புறங்கைக் குழியில் துடிக்கும் இதே தமனியின் கிளைப் பகுதியில் நுழையும் முறையும் பரவிவருகிறது. அங்கே அடைப்பு நேர்ந்தாலும் மணிக்கட்டுத் தமனி பெரும்பாலும் காப்பாற்றப்படும் என்பது அதன் கருத்து. எனினும் அவ்விடத்தில் குழாய் இன்னும் மெல்லியது. ஆகவே முன்சொன்ன கவனங்கள் யாவும் அங்கே மேலும் தேவை.

மாணவ நண்பர்களே, இவையெல்லாம் மருத்துவர் அறிய வேண்டியவை. நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நான் கூறியவற்றை மீண்டும் எண்ணிப் பாருங்கள். குழல் சிறியதாக இருக்கவேண்டும் என்பது தொழிற்சாலையின் வேலை. ஊசி ஒரே முறையில் நுழையவேண்டும் என்பது மருத்துவரின் வேலை. ஆனால் நோயாளி அஞ்சாதிருக்க வேண்டும் என்பதில் அவருடைய வீட்டாருக்கும் பங்கு உண்டு. நம் கடற்கரை ஊர்களில், கட்டுமரத்தில் புயலைக் கண்டும் கலங்காத பெரியவர்கள், “கைவழியாக நெஞ்சுக்குள் கம்பி விடுகிறார்களாம்” என்று கேட்ட மாத்திரத்தில் கலங்கிப் போவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். சிலர் அவ்வச்சத்தினாலேயே மார்புவலியை மறைத்து, வாயுக்கோளாறு என்று சொல்லி நாட்களைக் கடத்துகிறார்கள். அறியாமையால் பிறந்த அச்சம் முதலில் அவர்களை மருத்துவமனைக்குப் போகவிடாமல் தடுக்கிறது. போனபின் அதே அச்சம் தமனியை இறுக்கித் துன்புறுத்துகிறது.

ஆகவே உங்கள் இல்லத்துப் பெரியவர்களுக்கு இச்சோதனை வேண்டியதாயின், நடக்கப்போவதை எளிய சொற்களில் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். குத்தும்போது சிறிது வலிக்கும் என்பதையும், மருந்து எரியும் என்பதையும் மறைக்காதீர்கள். பொய்யான ஆறுதல் முதல் எரிச்சலிலேயே கலைந்துவிடும். மெய்யான முன்னறிவிப்பு இறுதிவரை துணை நிற்கும். சோதனையின்போது கையில் வலி தோன்றினால் பொறுத்துக்கொண்டு பேசாதிருக்கலாகாது, உடனே சொல்லிவிட வேண்டும் என்று கூறுங்கள். வலியே இசிவின் முதல் அறிவிப்பு. அதனைக் காலத்தில் கேட்ட மருத்துவர் காலத்தில் நிறுத்துவார். முன்னர் அக்கையில் இத்தகைய சோதனை நடந்திருந்தால் அதனையும், உட்கொண்டுவரும் மருந்துகள் அனைத்தையும் தெரிவிக்கச் செய்யுங்கள். திடீரென மார்பில் பாரம் வைத்தாற்போன்ற வலியும் வியர்வையும் கண்டால், யோசித்துக்கொண்டிராமல் 108-க்குத் தொலைபேசியில் அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

ஒரு சிறு தமனியை அமைதியாக வைத்திருப்பதற்கு இயற்பியல், வேதியியல், உடலியல் ஆகிய மூன்று துறைகளின் அறிவும் தேவைப்படுவதைக் கண்டோம். அவற்றோடு, படுத்திருக்கும் மனிதனிடம் உண்மையைக் கனிவோடு பேசும் ஒரு வாயும் தேவைப்படுகிறது. முதல் மூன்றையும் நீங்கள் கல்லூரியில் கற்பீர்கள். நான்காவதை இன்றே உங்கள் வீட்டுத் திண்ணையில் தொடங்கலாம்.